மரக்காணம் ரவுண்டு

அன்புள்ள தேன்மொழி,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். ஏஜென்சி நர்சாக நீ முதல் நாள் டூட்டிக்குப் போன அன்றைக்கே, "பாத்துக்கிட்டே இருங்க, இந்தப் பொண்ண ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூப்ட்டு பர்மனென்ட் ஆர்டர் குடுக்கும்" என்று டீக்கடையில் நாலு பேர் எதிரில் சொன்னவன் நான். தேதி ஒன்றைத்தான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். உன் அம்மாவிடம் இதைச் சொன்னால், "ஆமா தம்பி, மழைகூட பெஞ்சு முடிச்சப்புறம்தான் நீங்க முன்னாடியே சொல்லுவீங்க" என்கிறாள். அண்ணி அப்படித்தான். அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சுக்கு அவள்தான் பிரேக். உன்னை இரண்டு பேருமாகச் சேர்ந்து வளர்த்தோம் என்பதற்கு அடையாளம், நீ என்னை மாதிரி தைரியமாகவும் அவளை மாதிரி வாயை மூடிக்கொண்டும் வளர்ந்திருப்பதுதான்.

திங்கட்கிழமை நீ பாண்டிச்சேரிக்குப் போய் அந்த ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கப் போகிறாய். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்று ஊர் சொல்லும். நீ பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிகிறது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் எழுத்து எனக்குப் புதிது இல்லை. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதியது என் கைதான். சரி, மூன்று பேருக்கு. இந்தக் கடிதத்தை நான் கவரில் போட்டு ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தை நீ முதலில் படி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். வேண்டாம், வரிசையாகவே வா.

ஏஜென்சி வேலை என்றால் என்ன என்று இந்த ஊருக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். ஏனென்றால் நானும் ஒரு ஏஜென்சிதான். உப்பள முதலாளி சாயங்காலம் போன் போடுவார்: "மேஸ்திரி, நாளைக்கு எட்டு ஆளு வேணும்." நான் எட்டு ஆளை அனுப்புவேன். எந்தப் பாத்தி, யார் பக்கத்தில் யார் என்பது காலையில் போன பிறகுதான் அவர்களுக்கே தெரியும். உனக்கும் அதேதான். சாயங்காலம் உன் போனில் ஒரு மெசேஜ் வரும்: ஆஸ்பத்திரி பேர், எத்தனை மணி ஷிப்ட். எந்த வார்டு என்பது காலையில்தான். ஒரு நாள் பாண்டிச்சேரி, மறு நாள் திண்டிவனம், அதற்கு மறு நாள் மெசேஜே இல்லை. அங்கே இருக்கும் நர்சுகளுக்கு ஒரு கலர் யூனிபார்ம், உனக்கு வேறு கலர். அவர்களுக்குச் சட்டையில் பேர், உனக்கு "ஏஜென்சி" என்று மட்டும் போட்ட ஒரு கார்டு. "ஏஜென்சி, பி.பி. பாரு. ஏஜென்சி, ட்ரிப்ஸ் மாத்து." வீட்டுக்கு வந்து நீ சிரித்துக்கொண்டே சொல்வாய், "சித்தப்பா, இன்னிக்கு பூரா யாருமே என் பேரக் கேக்கல." நானும் கூடச் சிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வராததற்கு ஒரு காரணம் உண்டு. உனக்கும் அது தெரியும்.

நீ பத்தாவது படிக்கும்போது நடந்தது. புது ஆள் ஒருத்தியை ஒரு பாத்திக்கு அனுப்பினேன். பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. தலையில் உப்புக் கூடையோடு அவள் அதில் விழுந்து முழங்காலைப் பிளந்துகொண்டாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த நீயும் கூடவே வண்டியில் ஏறிவிட்டாய். சீட்டு கொடுக்கிறவர் கேட்டார், "பேரு?" எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக என் ஆளாக வேலை செய்கிறவள். தெரியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது. "மீனா" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து "மீனா, மீனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இவள் பாட்டுக்கு பெஞ்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னாடி வந்தவர்கள் எல்லாம் முன்னாடி போய்விட்டார்கள். நீதான் அவள் பக்கத்தில் குந்தி, "அக்கா, உங்க பேரு என்ன?" என்று கேட்டாய். "செங்கேணி" என்றாள். நீ சீட்டை வாங்கிக்கொண்டு போய் மாற்றி எழுதி வாங்கி வந்தாய். என்னை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால்தான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது. நீ நர்சாகத்தான் போவாய் என்று அந்த பெஞ்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நம்பலாம், இது நிஜமாகவே முன்னாடியே தெரிந்தது.

இப்போது நீ முதல் நாள் டூட்டிக்குப் போன காலைக்கு வருகிறேன். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாய். அழுதுகொண்டிருந்தாய். "சித்தப்பா, எந்த வார்டுன்னுகூட இப்பதான் சொன்னாங்க. எந்த மருந்து எங்க இருக்கும், எந்த மிஷின் எங்க இருக்கும், ஒண்ணுமே தெரியாது. யார் கிட்ட கேக்கறது? திரும்பி வந்துடட்டுமா?" அப்போதுதான் நான் உனக்கு நம் உப்பளத்து வழக்கத்தைச் சொன்னேன். "ஏம்மா, நம்ம மரக்காணத்துல புதுப் பாத்திக்கு வர்ற ஆளு என்ன பண்ணுவாங்க தெரியுமா? எடுத்தவுடனே கால வைக்க மாட்டாங்க. வரப்பு மேலயே ஒரு சுத்து சுத்தி வருவாங்க. எது இறுகின மண்ணு, எது சேறு, தண்ணி எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போவுது, எல்லாம் பாத்துக்குவாங்க. மடைப் பலகை மூடியிருந்தாகூட தூக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள எறங்குவாங்க. நானூறு வருஷமா இதான் வழக்கம். நீயும் பத்து நிமிஷம் முன்னாடி போயி வார்ட ஒரு சுத்து சுத்திட்டு வேலைய ஆரம்பி." நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு "சரி சித்தப்பா" என்றாய். உன் கால் உப்பில் படக்கூடாது என்று அண்ணன் உன்னை ஒரு நாளும் உப்பளத்துக்குள் விட்டதில்லை. அதனால் இந்த வழக்கம் உனக்குப் புதிதாக இருந்தது.

அன்றிலிருந்து எந்த வார்டுக்குப் போனாலும் நீ முதலில் ஒரு சுற்று. ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எந்த ஆணியில், அவசர மருந்து டிராலி எந்த மூலையில், எந்த பிளக் வேலை செய்கிறது, எது செத்துக் கிடக்கிறது. மூடியிருக்கும் கப்போர்டைக்கூடத் திறந்து பார்ப்பாய், மடைப் பலகை மாதிரி. "இன்னா ஏஜென்சி, கோயில் சுத்தறியா? வெளக்கேத்திட்டுப் போ" என்று ஒருத்தி கிண்டல் செய்தாளாம். நீ அதை வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விரிந்துகொண்டே போனது. என் யோசனையில் தமிழ்நாடு, பாண்டிச்சேரி இரண்டு மாநிலத்து ஆஸ்பத்திரியும் ஓடுகிறது என்று டீக்கடையில் சொன்னேன்.

பிறகு அந்தப் பகல். கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், ஏழாம் நம்பர் படுக்கை, ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். நான் ஊரில் சொல்லும்போது அவரை ஆறடி ஆளாக்கி, கூடவே மின்னல் இடியெல்லாம் சேர்த்துக்கொள்வேன். உனக்குத் தெரியும், அவர் ஒல்லியான மனிதர், வெளியே நல்ல வெயில். வாந்தி எடுத்தார், அது தொண்டையில் போய் அடைத்தது, முகம் நீலமாகிவிட்டது. அடைப்பை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மிஷினை வார்டு நர்சுகள் இழுத்து வந்து பிளக்கில் போட்டால் கரண்டு இல்லை. இன்சார்ஜ் சிஸ்டர் "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க? எங்க?" என்று கத்துகிறார். அங்கே வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காலையில் வந்த ஏஜென்சிக்குத் தெரிந்திருந்தது. துணி வைக்கும் கப்போர்டில், அடித்தட்டில், பெட்ஷீட்டுக்குப் பின்னால். நீ ஓடிப் போய் எடுத்து வந்து மாட்டினாய். மிஷின் ஓடியது. அவர் மூச்சு திரும்பியது.

அதற்குப் பரிசு என்ன கிடைத்தது? எல்லாம் அடங்கின பிறகு இன்சார்ஜ் சிஸ்டர் உன்னைத் தனியே கூப்பிட்டார். "பாக்ஸ் கப்போர்டுல இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எங்க கப்போர்ட நீ ஏன் தொறந்த?" நீ உப்பளம், வரப்பு, மடைப் பலகை என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாய். அவர் நம்பவில்லை. ஏஜென்சி ஆள் வந்த உடனே கப்போர்டு கப்போர்டாகத் திறந்து பார்க்கிறது, இனி அனுப்ப வேண்டாம் என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டார். திருடி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். சாயங்காலம் மெசேஜ் வரவில்லை. மறு நாளும் வரவில்லை. பதினைந்து நாள் நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். அண்ணி, "வுடு, எங்கூட உப்பு பாக்கெட் போடற கொட்டாய்க்கு வந்துடு. படிச்ச படிப்பு எங்கயும் ஓடிடாது" என்றாள். நீ அதற்கும் சரி என்று சொன்னாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் சும்மா இருந்தேனா? இல்லை, இருந்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு உனக்குத் தெரியாமல் ஏஜென்சி ஆபீசுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தம்பி, நான் யார்னு தெரியுமா? மரக்காணத்துல எரநூறு ஏக்கர் உப்பளம் நம்மளது" என்றேன். அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். "அப்டியா சார்? அப்புறம் எதுக்கு சார் உங்க பொண்ணு டெய்லி டூட்டிக்கு அலையுது? நீங்களே ஒரு ஆஸ்பத்திரி கட்டிடுங்க." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வசதியான வீட்டுப் பெண், வேலை தேவையில்லை என்று உன் பேரையே அவன் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டான். இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இது கடைசிப் பக்கத்து விஷயம் இல்லை, அது இன்னும் வரவில்லை.

ஒரு காலையில் டீக்கடையில் இருக்கிறேன். ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கினார், தலையில் முக்காடு, கையில் ஒரு பை. "ஏங்க, இந்த ஊர்ல நர்ஸ் வேலை செய்யற பொண்ணு வீடு எது? பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஏஜென்சில வந்துச்சே, அந்தப் பொண்ணு." அவ்வளவுதான், கப்போர்டு விவகாரம் வீடு தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். "அப்டி யாரும் இந்த ஊர்ல இல்லீங்களே" என்றேன். கடைக்காரன் என்னைப் பார்க்கிறான். நான் கண்ணால் அவனை அடக்குகிறேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, "மரக்காணம்னுதான் எங்க அத்தா, ஏழாம் நம்பர் படுக்கைல இருந்தாரே, அவரு சொன்னாரு. மாத்திரை குடுக்கும்போது எந்த ஊரும்மான்னு கேட்டாராம். பேரு கேக்க மறந்துட்டேன்னு பொலம்பிக்கிட்டே இருக்காரு. அவரு உசுரோட இருக்கறதே அந்தப் பொண்ணாலதான்" என்றார். நான் டீ கிளாசைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அது எங்க பொண்ணும்மா! நான் வளத்த பொண்ணு! அந்த ரவுண்டு சுத்தறதே நான் சொல்லிக் குடுத்ததுதான்!" கடைக்காரன் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. "யோவ், இப்பதானய்யா இல்லன்ன?" "அது வேற பொண்ணுன்னு நெனச்சேன்யா, உன் வேலையப் பாரு."

மீதியை அந்த அம்மா நம் வீட்டில் உட்கார்ந்து சொன்னதுதான். ஏழாம் படுக்கை பிளக் ஏன் செத்துக் கிடந்தது என்று அவர் நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறார். சூப்பரின்டெண்ட் அம்மா ஷிப்ட் மாறும்போது எழுதும் நோட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் காலை ஏழே காலுக்கே எழுதியிருக்கிறது: ஏழாம் படுக்கை பிளக் வேலை செய்யவில்லை, அவசரம் என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் துணிக் கப்போர்டின் அடித்தட்டில் இருக்கிறது, இன்சார்ஜுக்குச் சொல்லியாகிவிட்டது. ஏஜென்சி சொன்னது அவர் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். திருட வந்தவள் தான் திறந்த கப்போர்டை நோட்டில் எழுதி வைப்பாளா? ஆனால் அடியில் கையெழுத்து போடும் இடத்தில், அவர்கள் போடச் சொன்னபடி, "ஏஜென்சி ஸ்டாப்" என்று மட்டும் இருந்தது. யார் இது என்று வார்டில் கேட்டால் ஒருவருக்கும் பேர் தெரியவில்லை. ஏஜென்சியில் கேட்டால், அது வசதியான பெண், இனி வராது என்று, பேரைக்கூடச் சொல்லாமல் அந்தத் தம்பி போனை வைத்துவிட்டிருக்கிறான். என் இருநூறு ஏக்கர் செய்த வேலை. கடைசியில் அந்தப் பெரியவர் சொன்ன ஊர் பேரை வைத்துக்கொண்டுதான் அவர் மகள் ஆட்டோ ஏறியிருக்கிறார்.

மறு வாரம் உன்னை நேரில் வரச் சொன்னார்கள்; உப்பளத்துச் சுற்றைப் பற்றி அங்கே முழுசாகச் சொல்லிவிட்டு வந்தாய். அதற்கடுத்த மாதம் ஆர்டர். அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நீ குளிக்கப் போன பிறகு, நான் எடுத்து அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பேர் இரண்டு இடத்தில் அச்சடித்து இருந்தது. இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். அத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த உப்பு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இன்னும் அந்த லேசு குறையவில்லை. காலையில் எழுந்ததும் சிரித்துக்கொண்டு எழுகிறேன். அண்ணி "தம்பிக்கு இன்னாச்சு?" என்று கேட்கிறாள்.

புத்தி சொல்லாமல் ஒரு கடிதத்தை முடிக்கக்கூடாது. நிறைய சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், ஒன்றுதான் கையில் இருக்கிறது. இனிமேல் உன் சட்டையில் பேர் இருக்கும். ஏதோ ஒரு காலையில் வேறு கலர் யூனிபார்மில், கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு பெண் உன் வார்டு வாசலில் நிற்பாள். வேலை சொல்வதற்கு முன்னால் அவள் பேரைக் கேள். நான் இப்போது என் ஆட்கள் பேரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பேர் செங்கேணி.

சரி, கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நீ சந்தோஷமாக ஒன்று சொன்னாய். புதிதாக யார் வந்தாலும் முதலில் வார்டை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்று சூப்பரின்டெண்ட் அம்மா போர்டில் எழுதிப் போட்டுவிட்டாராம். அதற்கு "மரக்காணம் ரவுண்டு" என்று பேராம். அடுத்த மாதம் அவரே நம் ஊருக்கு வருகிறாராம், "உங்க சித்தப்பாவ அந்த உப்பளச் சுத்த எனக்கு நேர்ல காட்டச் சொல்லு" என்று உன்னிடம் போனில் சொன்னாராம். எனக்குப் புரையேறியது. மீன் முள் என்றேன். அண்ணி தண்ணிச் செம்பை என் பக்கம் தள்ளி, "மெதுவா முழுங்குங்க தம்பி, பெரிய முள்ளாட்டம் இருக்குது" என்று ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷம் உப்பு வாரியவள் அவள்.

சாப்பிட்டுவிட்டு நேரே உப்பளத்துக்குப் போனேன். செங்கேணியிடம் கேட்டேன், "புதுப் பாத்தின்னா வரப்ப ஒரு சுத்து சுத்திட்டு எறங்கறது உண்டா?" அவள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "யோவ் மேஸ்திரி, வெயில்ல சுத்திக்கிட்டு இருந்தா உப்பு யாரு வார்றது? நீ காட்டுவ, நாங்க எறங்குவோம். வாய்க்கா இருந்தா வுழுவோம்."

முள் இல்லை தேன்மொழி. அன்றைக்கு நீ போனில் அழுதபோது டீக்கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்துடட்டுமா என்று நீ கேட்டாய். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துவிடு என்று சொல்லவும் வரவில்லை. வாயில் வந்தது அதுதான். மடைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பது வரைக்கும் நானே சேர்த்தது; அதை நம்பித்தான் நீ கப்போர்டைத் திறந்தாய், அதனால்தான் பதினைந்து நாள் வாசலில் உட்கார்ந்தாய். சூப்பரின்டெண்ட் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அவர் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன், வரப்பு மேல் நடக்க மாட்டேன். நானூறு வருஷமும் இல்லை, நாலு வருஷமும் இல்லை. மரக்காணத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

உன் சித்தப்பா